திரௌபதிக்காக வந்து நின்ற ஆஸ்பத்திரிகள்

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒன்று சென்னையிலிருந்து கிளம்பி வந்து மரக்காணம் உப்பளத்தின் கிழக்குக் கரையில் நின்றது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: இ.சி.ஆர். வழியாக வந்தது. டோல்கேட்டில் வரிசையில் நின்று ரசீது வாங்கியிருந்தது. அவசரத்தில் மரக்காணத்தைத் தாண்டிக் கூனிமேடு வரைக்கும் போய்விட்டு, அங்கே பிரியாணிக் கடையில் வழி கேட்டுத் திரும்பியதில் அரை மணி நேரம் தாமதம். உள்ளே இருந்த நோயாளிகளில் ஒருவருக்குக்கூட டிரிப்ஸ் கழலவில்லை. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், வரவேற்பறையில் மீன் தொட்டி எல்லாம் இருந்தபடி இருந்தன. வந்த காரியம், உப்பளத் தொழிலாளி தனக்கோடியின் மகள் திரௌபதியை வேலைக்குக் கூப்பிடுவது. நான்கு வருஷம் நர்சிங் படித்து முடித்த அவளுக்குக் கவுன்சிலில் பதிவு எண் வந்தது அன்று காலை ஒன்பது மணிக்குத்தான். அந்த வருஷம் படித்து முடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஜெர்மனிக்கும் மீதிப் பேர் வளைகுடாவுக்கும் போய்விட்டதால், ஆஸ்பத்திரிகளுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கக் கட்டுப்படியாகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெற்கேயிருந்து ஒரு கல்லூரி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தது. அது எண்ணூறு படுக்கை. நீளம் அதிகம் என்பதால் முன்வாசல் உப்பளத்தின் மேற்குக் கரையில் நின்ற பிறகும் பின்வாசலும் கேன்டீனும் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஒலிபெருக்கி வைத்திருந்தன. கால் மணிக்கு ஒரு தரம் கிழக்கே ஒரு பெண் குரல், "திரௌபதி தனக்கோடி, வரவேற்பறைக்கு வரவும்" என்றது. அது முடிந்த உடனே மேற்கே ஓர் ஆண் குரல், "திரௌபதி தனக்கோடி, அறை எண் நூற்றுப் பதினாறு" என்றது. முதல் நாள் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பஞ்சு மேற்கு ஆஸ்பத்திரி இலவசமாகக் கொடுத்தது.

உப்புக்கு வெயில் வேண்டும். கிழக்கே நின்றதன் நிழல் விடிந்ததிலிருந்து பாத்திகள் மேல் கிடந்தது. அது விலகிக் கொஞ்ச நேரத்தில் மேற்கே நின்றதன் நிழல் வந்து படுத்தது. நடுவில் இரண்டு மணி நேர வெயிலில் உப்பா பூக்கும்? பாத்தியில் பாய்ச்சிய தண்ணீர் கஞ்சித் தண்ணியாகவே நின்றது. மழை தொடங்க ஒன்பது வாரந்தான் பாக்கி. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த குப்புசாமி, நூற்றுப் பதினெட்டு கிலோ, ரத்தக் கொதிப்புக்காரர், தினமும் காலையில் வரப்பில் நின்று ஆஸ்பத்திரிகளைப் பார்த்துக் கத்துவார். பிறகு தனக்கோடி வீட்டுக்கு வந்து கத்துவார்.

"ஏம்பா தனக்கோடி, உம் பொண்ணு ஏதோ ஒன்னுல போய்ச் சேந்து தொலைஞ்சா, மத்தது கௌம்பும் இல்ல? நாப்பது குடும்பம் கூலி இல்லாம குந்திக்கினு கீது."

தனக்கோடி மகளைப் பார்ப்பார். மகள் சுவரைப் பார்ப்பாள். அவளுக்கு ஒரு சங்கதி தெரியும். அவளுக்கு முன்னால் படித்த சிவசங்கரி என்ற பெண்ணின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஓர் ஆஸ்பத்திரி இரண்டு வருஷத்துக்கு வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது. சிவசங்கரி முதுகு வலியோடு அழுதுகொண்டே இரண்டு வருஷத்தையும் கழித்தாள், சர்க்கார் பரீட்சைக்குப் போகக்கூட முடியவில்லை. கிழக்கே நின்றதும் மேற்கே நின்றதும் முதல் பேச்சிலேயே ஒரிஜினல் கேட்டன. தப்பான வாசலில் நுழைந்தால் திரும்பி வர இரண்டு வருஷம்.

அப்படியும் ஒரு வாரத்தில் முடிவு செய்திருப்பாள். கெடுத்தது டீக்கடை நடராசன். வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை கேட்டுக் கேட்டு ஊறிப்போன ஊர் அது. "பேரு திரௌபதி. வந்து நிக்கறது ரெண்டு. கணக்கு எங்கியோ ஒதைக்குதே," என்றார் நடராசன். அஞ்சும் வந்து சேராமல் அவள் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் ஊருக்கு ஆகாது என்று அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டது. ஆண்கள் முறை வைத்து ரோட்டில் நின்று வடக்கேயும் தெற்கேயும் பார்த்தார்கள். உப்பு போகிறதே என்று காலையில் புலம்பிய அதே ஆட்கள், சாயங்காலம் வந்து, "அவசரப்படாத பாப்பா, இன்னும் மூணு வரணும்" என்றார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நாடித்துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு. அவளே பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மூன்றாவது வந்தது. இருபது படுக்கை, மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே மாடி. வருகிற வழியில் பிரம்மதேசத்தில் ஜெனரேட்டர் நின்றுபோய், அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண நான்கு நாள் பிடித்ததாகச் சொன்னார்கள். கரையில் இடம் இல்லாததால் வடக்கே வாய்க்கால் ஓரம் கோணலாக நின்றது. ஒலிபெருக்கி கிடையாது. அதிலிருந்து யாரும் திரௌபதியைக் கூப்பிடவில்லை, பிரசவம் ஒன்று நடந்துகொண்டிருந்ததாம். "மூணு!" என்று நடராசன் அன்று எல்லோருக்கும் டீயில் சர்க்கரை கூடப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் திரௌபதி வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் வேலை பார்ப்பது, பிறகு சொல்வது. அவள் அம்மா மலர்கொடி இருபது வருஷமாக உப்புக் கூடை சுமந்தவள். வாசலில் நின்று எரிச்சலோடு ஒன்று கேட்டாள். "அதெல்லாம் கெடக்கட்டும். கூடைய ஏத்திவிட அங்க ஆள் இருக்குதா?"

உப்பளத்தில் இதுதான் முதல் கேள்வி. நிரம்பிய ஈரக் கூடையைத் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள எவளாலும் முடியாது. இன்னொருத்தி எதிரே நின்று ஒரு கை கொடுக்க வேண்டும். கூடை நிரம்பியவள் கூப்பிடுவதுகூட இல்லை, பக்கத்தில் இருப்பவள் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். "ஆஸ்பத்திரியில ஏதும்மா கூடை?" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

கண்ணாடி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பதினான்கு நோயாளிகள் கொடுத்தார்கள். பதினைந்தாவதாக வந்தவர் குப்புசாமி. வாசலில் நின்று கத்தியதில் ரத்தக் கொதிப்பு ஏறி, அங்கேயே சேர்த்திருந்தார்கள். பதினோரு மணிக்கு அவர் மூத்திரம் போக எழுந்து, கட்டிலிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். திரௌபதி மணியை அழுத்தினாள். "உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது" என்று திரையில் வந்தது. நூற்றுப் பதினெட்டு கிலோவை அவள் அக்குளில் கை கொடுத்துத் தாங்கியபடி இருபது நிமிஷம் நின்றாள். இருபத்தோராவது நிமிஷம் டை கட்டிய ஒரு பையன் வந்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று குப்புசாமியைக் கேட்டான். குப்புசாமி கொடுத்தது நட்சத்திரம் இல்லை.

மறுநாள் கோபித்துக்கொண்டு குப்புசாமி கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாறினார். அங்கேயும் விழுந்தார். அங்கே திரௌபதி மணி அடித்ததும் ஐந்து பேர் வந்தார்கள். வார்டு பொறுப்பு, மாடிப் பொறுப்பு, அவர்களுக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர், பேனா கொண்டுவந்தவர் ஒருவர். விழுந்தவரை விழுந்த நிலையில் வைத்துத்தான் மூன்று பிரதி எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கையெழுத்து முடியும்வரை குப்புசாமி தரையில் இருந்தார். தரை சுத்தமாக இருந்தது என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதில் லிப்ட் இல்லை, மின்விசிறி கரகரத்தது, உடுப்பு மாற்றும் அறையில் பாதி இடத்தை அரிசி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தது. திரௌபதிக்கு அதைப் பார்த்ததுமே அலுப்பாக இருந்தது. அவளுக்குப் பிடித்தது, உண்மையைச் சொன்னால், கண்ணாடி ஆஸ்பத்திரியின் நீல உடுப்புதான். குப்புசாமி அங்கேயும் வந்து சேர்ந்து, பழக்கப்படி பதினோரு மணிக்குச் சறுக்கினார். அவள் குனிந்து பிடித்தாள். கூப்பிட வாய் திறக்கும் முன்னே, பிரசவ அறையிலிருந்து ஈரக் கையோடு ஒரு சிஸ்டர் வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். ஐம்பது வயது, பெயர் மேரிசெல்வி. "ம், தூக்கு" என்றாள். தூக்கினார்கள். பிறகு வசவு.

"தனியா தூக்கப் பாத்தியா? இடுப்பு ஒடிஞ்சா உன் மாமியாளா வந்து பாப்பா? படிச்ச பொண்ணு தானே நீ?"

"நைட்டுல எத்தினி பேருங்க சிஸ்டர் இருப்பீங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தி படுத்தா ஒருத்தி முழிச்சிருப்பா. ரெண்டு பேரும் படுத்தா டாக்டரம்மா செருப்பால அடிப்பாங்க."

"ஒரிஜினல் சர்டிபிகேட்டு?"

"அத்த இன்னாத்துக்கு இங்க கொண்டாற? பீரோ துரு புடிச்சிக் கெடக்குது. உன் வீட்லயே வெச்சிக்க."

வீட்டுக்கு வந்து திரௌபதி தட்டைச் சத்தமாக வைத்தாள். அம்மா கேட்ட கேள்வி சரியாகப் போய்விட்டதில் அவளுக்கு எரிச்சல். மறுநாள் டீக்கடை முன்னால் நின்று, மூன்றாவதில் சேருகிறேன் என்று சொன்னாள். இன்னும் ரெண்டு வரணுமே என்று நடராசன் கையை உயர்த்தினார்.

"அந்தத் திரௌபதிய யாரும் ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்கலீங்க மாமா," என்றாள் அவள். நடராசன் உயர்த்திய கையை இறக்கி டீ ஆற்றப் போனார்.

கல்லூரி ஆஸ்பத்திரி அன்று மாலையே மூன்று பிரதியில் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெற்கே போயிற்று. கேன்டீன் மட்டும் மறுநாள் போயிற்று. மஞ்சள் ஆஸ்பத்திரி திரௌபதியை ஏற்றிக்கொண்டு பிரம்மதேசம் வரை போனதும் ஜெனரேட்டர் மறுபடி நின்றது. இனி முடியாது என்று அங்கேயே இருந்துவிட்டது. கண்ணாடி ஆஸ்பத்திரியும் கிளம்பப் பார்த்தது. ஆனால் பதினைந்து நாள் கரையில் கசிந்த உப்புத் தண்ணீரில் நின்றதில் அதன் அடியைச் சுற்றி உப்பு இறுகிவிட்டது. இரண்டு தரம் ஆடியது, மூன்று கண்ணாடியில் விரிசல் விட்டது, அசையவில்லை. சென்னையிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. கடிதத்துக்கு எந்த உப்பு கரைந்திருக்கிறது?

குப்புசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்த நான்காம் நாள், ஆஸ்பத்திரியின் வரவேற்பறைத் தரையில் உப்பு பூத்திருந்தது. வெளியே பத்து நாள் எடுப்பது, குளிர்சாதனக் காற்றில் ஒரே நாளில், பூ மாதிரி. மறுநாள் முதல் மாடி. அன்றிலிருந்து, வெளிநோயாளிகள் வருமுன் காலை ஐந்திலிருந்து எட்டு வரை பெண்கள் உள்ளே உப்பு வாருகிறார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே ஒருத்திக்கு ஒருத்தி கூடை ஏற்றிவிடுகிறார்கள். முதல் வருஷத்திலேயே இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. வார்டில் யாராவது சறுக்கி விழுந்து நர்ஸ் மணியை அழுத்தினால், கோரிக்கை பதிவாகியுள்ளது என்று திரை சொல்லி முடிப்பதற்குள் மலர்கொடியும் இன்னொருத்தியும் வந்து எதிர்ப்பக்கம் நிற்பார்கள். நிர்வாகம் தடுக்கவில்லை, நட்சத்திரம் கூடியிருக்கிறது.

இந்தச் சேதி வந்தபோது திரௌபதி பிரம்மதேசத்து வார்டில் ஒரு கிழவரை மேரிசெல்வியோடு புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். "இதை அன்னிக்கே செஞ்சிருந்தா நீல உடுப்பு போட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டாள். உப்பைப் பொறுத்தவரை, முதல் மாடியில் வாருவது இரண்டாந்தரம், லேசாக மருந்து வாசனை அடிக்கும். வரவேற்பறை உப்புதான் சுத்தம். மீன் தொட்டிப் பக்கத்து உப்பைக் கருவாடு போடுகிறவர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.