செருப்புப் பெட்டியில் ஊசியும் பொத்தானும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது ஏழு நிமிடம்தான். மிருக மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், பக்கத்து நாற்காலிக்காரி தன் செருப்புப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். மூடியில் வரிசை தவறாமல் ஊசித் துளைகள், தையல் போட்டதுபோல. உள்ளே இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள். ஏழு நிமிடம் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் அவள் சொன்னது கொஞ்சம். டாக்டர் அறையின் அரைக்கதவு வழியாக என் காதில் விழுந்தது கொஞ்சம். மீதியை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். இட்டு நிரப்பிய இடம் வரும்போது சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் பிரார்த்தனைக்கு உட்காரும்போது எனக்கு நாக்கு புரளாது.

2

முதல் தொடக்கம்: "கூட்டைத் திறந்த அக்கா, பொத்தானின் கழுத்தில் வழுக்கையைப் பார்த்ததும்—"

(வேண்டாம். பொத்தான் யார் என்றே இன்னும் யாருக்கும் தெரியாது. வலி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: தங்கை போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

என் மடியில் பெட்டியை வைத்தவள்தான் அக்கா; ஒரு துணிக்கடையின் மாடியில் தைக்கிறாள். வாங்கிய துணி உடம்புக்குப் பொருந்தாதவர்கள் அவளிடம் வருவார்கள்; நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிடித்துத் தைப்பாள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது இருவருக்கும் பேச்சில்லை. அவள் விட்டுப்போனவை ஒரு குடை, ஒரு சீப்பு, ஓர் எலிக்கூடு. விடுதியில் எலி வளர்க்க விடமாட்டார்களாம். அக்காவின் தொழிலைக் கிண்டல் செய்து ஊசி, பொத்தான் என்று பெயர் வைத்ததும் தங்கைதான்.

எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் அக்கா. ஆனால் ஞாயிறுதோறும் கைப்பேசியில் ஒரு வரி வரும்: "எலிங்க எப்படி இருக்கு?" அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று இல்லை. அக்கா இரண்டையும் தனித்தனியே படமெடுத்து அனுப்புவாள். தங்கை ஓர் இதயம் போடுவாள். பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரிக்காக அக்கா ஏழு நாளும் தீனி போட்டாள், தண்ணீர் மாற்றினாள், மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டைக் கழுவினாள்.

பிறகு பொத்தானுக்கு முடி போயிற்று. முதலில் கழுத்தில் ஒரு காசளவு. அப்புறம் முதுகில். கடைசியில் மீசையும் போய், முகம் மொட்டையாக நின்றது. எலி போய்ச் சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஊசியை இடப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தாள். அதே ஊசியைச் சிவப்புத் துணிமேல் விட்டு இன்னொரு படம் எடுத்தாள். இரண்டையும் அனுப்பினாள். மூன்று ஞாயிறு இப்படியே ஓடியது. இதயம் வந்துகொண்டுதான் இருந்தது.

இதை நான் கற்பனை செய்யவில்லை. அவளே என்னிடம் சொன்னாள், ஏதோ திருடியவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

3

அவள் உடனே என்னிடம் பேசிவிடவில்லை. என் காலடியில் கூடை இருந்தது.

"பூனையா அது?"

"பல்லில்லாத பூனைம்மா. மிச்சமிருக்கிற ஒண்ணையும் இன்னிக்குப் பிடுங்கப் போறாங்க."

"பல்லு போனாலும் நெனப்பு போயிருக்காதே," என்று இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு நாய் வந்து உட்கார்ந்ததும் திரும்பி வந்தாள். "உங்க பூனையாவது தூங்குது. அது எச்சி ஒழுக விட்டுக்கிட்டுப் பாக்குது." நான் கூடைமேல் என் துண்டைப் போட்டு மூடி, நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். அந்த ஒரு துண்டுக்காகத்தான் எனக்கு இவ்வளவும் சொன்னாள் என்று நினைக்கிறேன்.*

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவின் குரல் கணீரென்றிருந்தது.

"கூட்டுல கீழ என்ன போடுறீங்க?"

"வெட்டுத்துணி, நூலு. கடையில நெறைய மிஞ்சும். மெத்துன்னு இருக்குமேன்னு."

"நூலு காலைச் சுத்தி இறுக்கிடும்மா. வெறும் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. கூடு எங்க இருக்கு?"

"துணி அலமாரி பக்கத்துல."

"அலமாரியில பூச்சி உருண்டை இருக்கா?"

"இருக்கு."

"முதல்ல கூட்டை அங்கிருந்து எடுங்க. அந்த நெடி அதுங்களுக்கு ஆகாது. தீனி?"

"நிலக்கடலை. கேட்டுக் கேட்டு வாங்கும்."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

"வீட்ல கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா, டாக்டர்?"

டாக்டரம்மா ஒட்டும் நாடாவைப் பொத்தானின் தோலில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. பேன் இல்லை, உண்ணி இல்லை என்றார். படையாக இருக்குமோ என்று எதற்கும் ஒரு சோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். ஆனால் தோலில் புண்ணில்லை, செதிலில்லை. முடி கத்தரியால் வெட்டியதுபோல் குட்டையாக நிற்கிறது.

"முடி போனது இதுக்கு. போக்குறது அது."

"எது?"

"முழு முடியோட பளபளன்னு இருக்குதே, அதுதான். இதைப் பிடிச்சு அமுக்கி வெச்சு, நக்கி நக்கிக் கடிச்சு எடுக்குது."

"அவ்வளவு கோவமா?"

"கோவம்னு சொல்ல முடியாது. சீவி விடுறதுதான். எங்க நிறுத்தணும்னு தெரியலை. சின்னக் கூடு, அதுக்கும் வேற வேலை இல்லை."

"பிரிச்சு வெச்சிடவா?"

"பெண் எலி ஒத்தையா இருந்தா ஏங்கிப் போயிடும். பெரிய கூடா வாங்குங்க. ஒளிஞ்சுக்க ரெண்டு மூணு இடம், கடிக்க அட்டைச் சுருள், ஓட ஒரு சக்கரம். விலகிப் போக இடம் இருந்தா, அது பாட்டுக்குப் பக்கத்துலயே இருக்கும். அப்பவும் நிக்கலைன்னா பிரிக்கிறதைப் பத்தி யோசிப்போம்."

* சிறிய நன்மைகளை நான் அளவுக்கு மீறி நம்புகிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். கடவுள் பெரிய வேலைகளுக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. அதனால் துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

4

இனி வரும் பகுதி நான் இட்டு நிரப்பியது.

தங்கை விட்டுப்போன சீப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் காலையில் அக்கா அவளை முழங்காலுக்கு இடையில் உட்காரவைத்து, இரட்டைப் பின்னல் இழுத்துப் போடுவாள். வேலைக்குப் போகத் தொடங்கியும் விடவில்லை. "வலிக்குதுக்கா" என்றால் "ஆடாம இரு" என்பாள். ஒருநாள் தங்கை கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுடி வெட்டின?"

"என் முடிக்கா."

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு—

(எலிக்கும் முடி, தங்கைக்கும் முடி. இந்த ஒப்புமை பல்லை இளிக்கிறது என்று எனக்கே தெரிகிறது. இரண்டு முறை அடித்துவிட்டு, இரண்டு முறையும் திரும்ப எழுதினேன். காரணம், டாக்டர் அறையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவள் என்னிடம் கேட்டது: "சீவி விடுறதுகூடத் தப்பாங்க?" அந்தக் கேள்வி அவளுடையது. சீப்புக் கதை மட்டும் என்னுடையது.)

நல்ல பதில் ஒன்று எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. எழுதுகிறவர்களின் சாபம் அது.

அவள் கைப்பேசியை எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

"இதைக் கொஞ்சம் வெச்சிருக்கீங்களா? ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்." பெட்டியை நீட்டியவள் பாதியில் நின்று, நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பூனைக்காரங்ககிட்ட எலியக் குடுக்குறேன். என் பொழப்பைப் பாருங்க."

5

முடிவு அ. தங்கை போனை எடுக்கிறாள். அக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள்.

"தெரியும்க்கா. மூணு வாரமா ரெண்டு படமும் ஊசிதான். ஊசிக்குத்தான் காதுல வெட்டு இருக்கு."

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கலை?"

"கேட்டா நீ அனுப்புறதை நிறுத்திடுவியோன்னு."

இதை எழுதும்போது என் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் இதை நம்ப மறுக்கிறேன். எனக்கும் நான் கூப்பிடாத ஓர் எண் இருக்கிறது. ஆசை என் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கலாம்.

முடிவு ஆ. வேலை நேரம், தங்கை எடுக்கவில்லை. அக்கா பெரிய கூடு வாங்குகிறாள். அடுத்த ஞாயிறு மொட்டைப் பொத்தானைப் படமெடுத்து அனுப்புகிறாள். பதிலாக—

முடிவு இ. "நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன்." வருகிறாள், எடுக்கிறாள், போகிறாள். அதற்கடுத்த ஞாயிறு எந்த வரியும் இல்லை. இப்படியும் நடக்கும். ஆனால் அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை எழுத எனக்குத் தெம்பில்லை.

6

கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் போனைக் காதில் வைத்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. அதன் நுனியை மறு கையால் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள். உதடு அசையவில்லை.

மடியில் ஏதோ சுரண்டியது. மூடியை ஒரு விரலளவு தூக்கினேன். ஊசி, பொத்தானின் மொட்டைக் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் என் விரலை மெல்ல வைத்தேன். சற்று யோசித்துவிட்டு என் நகத்தை நக்கத் தொடங்கினாள். பொத்தான் மூலைக்குப் போய்ச் சுருண்டு, கண்ணை மூடினாள்.

"பல்லு பிடுங்குற பூனை யாருங்க? உள்ள வாங்க!"

கூடையை எடுக்க இரண்டு கையும் வேண்டும். பெட்டியைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்து, "அந்தம்மா வர்ற வரைக்கும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவசரத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தபோது பெட்டியும் இல்லை, அவளும் இல்லை, அவரும் இல்லை. அந்த முடிவை அவர் மட்டும்தான் பார்த்திருப்பார்.

அது நீங்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். பெட்டி கனக்காது, அடியில் இளஞ்சூடாக இருக்கும். ஊசி அலைந்தால் விரலைக் கொடுங்கள், கடிக்கமாட்டாள். இப்போது நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். அவள் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உதடு அசைகிறதா?