அரைக் கான் எண்ணெய்

அரசாங்கம் மானிய விலையில் தரும் மண்ணெண்ணெய் கடலுக்குப் போகிற போட்டுக்குத்தான். எங்கள் குருநகரில் கோழி அடைகிடந்த போட்டுக்கும் கிடைத்தது. மீனவர் சங்கத்தின் பழைய தலைவர் தன் ஆட்களின் பெயரில் எடுத்துக் கொடுத்தார், அவர்கள் கடைக்கு விற்றார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. உண்மையாகத் தொழிலுக்குப் போகிறவன் அரைக் கான் எண்ணெயோடு போனான்.

லெனாட்டும் அப்படித்தான் போனான். காற்றடித்த இரவுக்குப் பிறகு போட் மட்டும் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியது. எஞ்சின் தாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. என்னோடு தொழில் பழகிய பிள்ளை. வந்த ஆத்திரத்தில் சங்கத்தில் சண்டை பிடித்தேன், கடைசியில் என்னையே தலைவராக்கினார்கள். கடலில் இறங்காத போட்டுக்கு எண்ணெய் இல்லை, அது யாருடையதாக இருந்தாலும் சரி என்று சட்டம் போட்டேன்.

வீடு வீடாகப் போய்ப் போட்டுகளைப் பார்க்கத் தொடங்கிய அன்றே சங்கத்து ஆள் கிறிஸ்ரோபர் என்னை மறித்தான்.

"தலைவர், லெனாட்டின்ரை போட் வளவுக்கை கவிண்டு கிடக்குது. பெண்சாதி மாதாமாதம் எண்ணெய் எடுக்கிறா. உங்கடை ஆளெண்டால் சட்டம் இல்லையோ?"

அவன் கேட்டது நியாயம். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. அவனையும் கூட்டிக்கொண்டே போனேன்.

லெனாட்டின் மனைவி ஜெயகௌரி பின்னறையைத் திறந்தாள். சுவரோடு கான்கள் அடுக்கியிருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

"நான் விக்கேல்லை அண்ணை."

"பிறகேன் எடுத்தனீ?"

"எண்ணெய் இல்லாமத்தானே அவர் கடலிலை நிண்டவர். எங்கையாவது கரை பிடிச்சிருந்து வந்தாரெண்டால், இனி அரைக் கானோடை நான் விடமாட்டன்."

கிறிஸ்ரோபர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

"தங்கச்சி, உது கடலுக்குப் போறவையின்ரை எண்ணெய். உதில்லாமல் ஆரோ ஒருத்தன் இண்டைக்கும் அரைக் கானோடைதான் போறான்."

அவள் வழிவிட்டு விலகினாள். "ஓம். கொண்டுபோங்கோ."

ஒவ்வொன்றாக லாண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றினோம். கடைசிக் கானில் மட்டும் கையை வைத்தாள்.

"இதொண்டை விட்டிட்டுப் போறியளோ அண்ணை?"

விட்டிருக்கலாம். ஒரு கானால் அரசாங்கம் அழிந்துவிடாது. ஆனால் அந்தக் களவும் ஒரு கானில்தான் தொடங்கியது, லெனாட் போனதும் அதனால்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கானுக்குக் கையை நீட்டினேன். அவள் விளங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, அவளே தூக்கித் தந்தாள்.

அவனுக்கு இறந்தவர் பூசை வைக்கச் சொல்லிப் பங்குச் சாமி எத்தனையோ தரம் கேட்டும் அவள் சம்மதித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாருக்காகப் பூசை என்ற கருத்தை வாசித்தார்கள். லெனாட்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவி ஜெயகௌரி.

இப்போது எங்கள் துறையில் எல்லாப் போட்டும் முழுக் கானோடு போகிறது. அந்தப் பூசையன்று நான் கோயிலின் பின் வாங்குப் பலகையில் இருந்து அழுதேன்.