நின்னுடுச்சு

பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் டிரைவருக்கு அந்தக் காலத்து இரும்பு நாற்காலிகள் ஞாபகம் வந்தன. ஒருவர் அசைந்தால் வார்டே திரும்பிப் பார்க்கும். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். கதவு மட்டும் அதேதான், மேல்பாதி கண்ணாடி. உள்ளே அவருடைய மகள் கடுகு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துப் படுத்திருந்தாள். துணைக்கு அவர் மனைவி.

கடுகு என்பது அவர் வைத்த செல்லப்பெயர். அவளும் அவசரக்குடுக்கையாக இதே கதவுக்குப் பின்னால் பிறந்தவள்தான். முன்கூட்டிப் பிறக்கிற குழந்தைக்கு ரத்தம் சட்டென்று உறையாது, தலைக்குள் கசிந்துவிடலாம் என்று சொல்லி, பிரசவத்துக்கு முன்பே மனைவிக்கு வைட்டமின் கே ஊசி போட்டார் பெரிய டாக்டர். "குழந்தைக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரலாம். அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். பிறந்த பிறகு, பரிசோதனைக்காகக் குழந்தையின் குதிகாலில் குத்திய இடத்தில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்துவதை டிரைவர் கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றார். வெகுநேரம் கழித்து அவள் கதவைத் திறந்து, "நின்னுடுச்சு" என்றாள்.

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு என்று நினைத்துவிட்டார்.

"ரத்தங்க, ரத்தம் நின்னுடுச்சு" என்று பதறிய நர்ஸ், அவரை உள்ளே கூட்டிப்போய், அவர் கட்டைவிரலை அந்தப் பஞ்சின் மேல் வைத்தாள். விரலுக்கடியில் கால் இருப்பதே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

அதிலிருந்து வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு தனி மவுசு. மழை விட்டாலும், மின்விசிறி ஓய்ந்தாலும், அவர் ஓட்டும் பஸ் நடுவழியில் மக்கர் செய்தாலும், "நின்னுடுச்சுங்க, பயந்துடாதீங்க" என்பாள் மனைவி. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் கடுகு மருந்தைத் தேடமாட்டாள், அப்பாவின் கட்டைவிரலைத்தான் தேடுவாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

இப்போது கதவைத் திறந்து வெளியே வந்த இளம் டாக்டரிடம் கேட்டார். "என் பொண்ணுக்கும் அந்த வைட்டமின் ஊசியைப் போட்டுடுங்களேன்."

"இப்பல்லாம் அம்மாவுக்குப் போடறதில்லைங்க. அதுல பெருசா பலன் இருக்கறதா தெரியல. பொறந்ததும் குழந்தைக்கே போட்டுடுவோம். முதல்ல வலி அடங்குதான்னு பாப்போம்."

அந்தப் பலன்தானே உள்ளே படுத்திருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டினார். மனசு தலையாட்டவில்லை.

சாயங்காலம் மனைவி எட்டிப் பார்த்தாள். "வலி கொஞ்சம் அடங்கியிருக்கு. இப்போதைக்குத்தானாம். உங்களைக் கூப்பிடறா." அவள் அந்த வார்த்தையைத் தொடாமல் சுற்றிப் போனது அவருக்குப் புரிந்தது.

உள்ளே நர்ஸ் டிரிப்ஸ் ஊசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியிருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு சிவந்திருந்தது. கடுகு அந்தக் கையை அவரிடம் நீட்டினாள்.

"அமுக்குப்பா."

கட்டைவிரலை வைத்தார். சிறிது நேரத்தில் நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "நின்னுடுச்சுங்க, எடுத்துடலாம்" என்றாள்.

அவர் விரலை எடுக்கவில்லை.