இரண்டாவது புகை

கிறிசாந்தோவின் படகு அவனை விட்டுவிட்டு மிதந்து போய்விட்டது. முடிச்சுப் போட்டவன் அவனேதான். ஆகவே திட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை. மார்கரிட்டாத் தீவுக்கு வடக்கே, ஆளரவமற்ற மணல்திட்டில் மனிதன் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பறவை முட்டை, சிப்பி, மீன் எல்லாம் இருந்தன. தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஒரே ஒரு மழையைப் பெரிய சங்குகளில் பிடித்து வைத்து, நாக்கை நனைத்து நனைத்துக் காலம் தள்ளினான். அதையும் பொறுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் பொறுக்க முடியவில்லை. அன்று நண்பன் எலாதியோவின் மகளுக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் இவன். பாதிரியார் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஊர் அது. அங்கே ஞானத்தகப்பன் கையால்தான் முதல் தண்ணீர் ஊற்றுவார்கள். இவன் போகாவிட்டால், எப்போதும் இவனைக் கேலி செய்யும் தெலெஸ்போரோ ஊற்றிவிடுவான். பிள்ளைகுட்டி இல்லாத கிறிசாந்தோவுக்கு அதைவிடச் சாவே மேல்.

ஒதுங்கிய கட்டைகளைக் கொளுத்திப் புகை எழுப்பினான். தூரத்தில் போன படகுக்காரர்கள் சிரித்தபடி கையாட்டினார்கள். பிறகு போயே போய்விட்டார்கள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உங்களுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

ஞாயிறு விடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கடலில் ஒரு புகை என்றால், 'என் பானை அடுப்பில் இருக்கிறது, தொந்தரவு பண்ணாதே' என்று பொருள். இரண்டு புகை என்றால், 'பானை பெரிசு, எல்லாரும் வாங்க'. கிறிசாந்தோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். பிறந்ததிலிருந்து அவன் இரண்டாவது புகை போட்டதே கிடையாது. உயிர் போகிற நேரத்திலும் பழக்கதோஷம் விடவில்லை!

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்சம் தள்ளி இன்னொரு தீயை மூட்டினான்.

வெயில் ஏறுவதற்குள் ஊரே படகேறி வந்துவிட்டது. வாழைக்காய், கிழங்கு, பானைகள், ரம், மேளம், கைக்குழந்தை, எல்லாம் வந்து இறங்கின.

"கிறிசாந்தோ ரெண்டு புகை போட்டிருக்கான்னதும் பாதிப் பேரு சிலுவை போட்டுக்கிட்டாங்கடா!" என்றான் எலாதியோ. "ஞானத்தகப்பன் விருந்த இங்கயே வச்சிட்டான்னு புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டோம். பானை எங்க?"

"பானையா? படகே இல்லடா எனக்கு! செத்துக்கிட்டு இருக்கேன்!"

"அதானே பாத்தேன்," என்றான் தெலெஸ்போரோ. "சூரியன் மேக்கால உதிச்சிருச்சோன்னு நெனச்சேன்!"

கரையே குலுங்கிச் சிரித்தது.

"சிரிச்சது போதும்," என்றாள் எலாதியோவின் மனைவி நிக்கோலாசா. "புள்ள அழுவுறா. குடத்த எடுங்க, தண்ணி ஊத்தலாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்தவன் கொண்டு வருவான் என்று எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். ரம் ஏராளமாக இருந்தது. நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

கிறிசாந்தோ பாறை நிழலுக்குப் போனான். கடைசிச் சங்கை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். அவன் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். சங்கைக் குழந்தையின் தலைமேல் சாய்த்தான். கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை. குழந்தை வீறிட்டாள். அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"டேய், நீ குடிக்க?" என்றான் எலாதியோ.

"அத விடு," என்றான் கிறிசாந்தோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை பேருக்கு ரெண்டு அடுப்பு பத்தாது. மூணாவதையும் மூட்டுங்கடா!"