மகள் கையால் மூன்று கரண்டி

2009 அக்டோபர் 14, புதன்கிழமை. ஒஹாயோ மாநிலம், ஹோம்ஸ் கவுண்டி. முற்பகல் பதினொன்றரை மணிக்கு ஆட்லி ஹெர்ஷ்பெர்கர் தன் மகள் வெர்னாவின் கையால் மூன்று கரண்டி சூப் குடித்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

பார்த்தது அவர் மனைவி லவீனா மட்டும். கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தவள் அறைவாசலிலேயே நின்றுவிட்டாள்.

காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரைவண்டியோடு வாழும் பழமையான கிறிஸ்தவச் சபை அவர்களுடையது. வெர்னா பத்தொன்பது வயதில் சபை முன்னால் மண்டியிட்டு ஞானஸ்நானம் வாங்கியவள். ஐந்து வருடம் கழித்து வெளியேறி, கார் வாங்கி, வெளியாளைக் கட்டிக்கொண்டாள். சபை அவளை விலக்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வரலாம், பேசலாம். சாப்பாடு மட்டும் தனி மேசையில். அவள் நீட்டும் எதையும் சபையார் கையில் வாங்கக் கூடாது. அவள் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆட்லியைப் போலக் கறாரானவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. வேலி அடிக்கும்போது ஆணியைக்கூடத் தரையில் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார்.

செப்டம்பரில் வந்த பக்கவாதம் அவர் பேச்சையும் வலப்பக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு நாளாக லவீனா ஊட்டிய எதுவும் உள்ளே இறங்கவில்லை.

"நான் வழக்கம்போலக் கிண்ணத்தை மேசையில வச்சிட்டு உனக்காகத்தான் காத்திருந்தேன்மா," என்றாள் வெர்னா. "அவராத்தான் என்னைப் பாத்து வாயைத் தொறந்தாரு."

லவீனா கிண்ணத்தைப் பார்த்தாள். "ஆறிடப் போவுது. மிச்சத்தையும் குடு."

ஆனால் ஆட்லி அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

அடுத்த வாரம் ஞாயிறு, இலையுதிர்காலத் திருவிருந்து. சபையோடு சமாதானமாக இருப்பவர்களுக்குத்தான் அப்பமும் திராட்சரசமும். படுக்கையில் இருப்பவர்களை விசாரிக்கச் சனிக்கிழமை காலை சபை ஊழியர் மலோன் ரேபர் வந்தார். தன் குதிரை சபைக்கென்றால் தானாகத் திரும்புகிறது, சந்தைக்கென்றால் அடம்பிடிக்கிறது, தன்னைவிட அதற்குத்தான் பக்தி அதிகம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மனதில் ஏதும் குறை உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது. இது ஆட்லியின் கடைசித் திருவிருந்து என்பது லவீனாவுக்குத் தெரியும். அந்த அப்பம் அவர் வாயில் பட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஆட்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பாக அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மலோன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டார். பிறகு, "பசி. யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க," என்றார். "தப்புதான்னு ஒரு தடவை தலையாட்டினாப் போதும். நாளைக்கே அப்பம் வந்துரும்." படுக்கைப் பக்கம் குனிந்தார். "ஆட்லி, செஞ்சதுக்கு வருத்தப்படுறீங்களா?"

ஆட்லியின் தலை தலையணையில் இடமும் வலமுமாக அசைந்தது.

காது கேட்கவில்லையோ என்று மலோன் மறுபடி கேட்டார். தலை மறுபடி அப்படியே அசைந்தது.

"அவருக்கு நல்லாவே கேக்குது, மலோன்," என்றாள் லவீனா.

வண்டிச் சத்தம் சாலையில் தேய்ந்த பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாடு விக்கிறப்போ அந்தத் தரகனுக்கெல்லாம் தலையாட்டுவீங்க. இதுக்கு ஆட்ட முடியலியா?" ஆட்லி இடது கையால் போர்வையைத் தடவி அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெர்ஷ்பெர்கர் வீட்டுக்கு அப்பம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்லி இறந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம். அதன்பின் நடந்த சாப்பாட்டில் வெர்னாவுக்கு அடுப்பருகே சின்ன மேசை போட்டிருந்தார்கள். அவள் சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியை நீள மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். லவீனா அதை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.