செடிகளுக்குத் தலைக்கு ஊற்றிய சனிக்கிழமை

"செடியெல்லாம் தூக்கிப் போட்ரு கங்கா. நெஞ்சுல கோளாறு உள்ளவனுக்குத் தூசி ஆகாதுலா. சாயந்திரம் வேன் கொண்டாறேன், நானே அள்ளிட்டுப் போறேன்."

நாத்தனார் விஜயராணி போனில் இப்படிச் சொன்னதும் கங்காவுக்குச் சுருக்கென்றது. கணவன் சேது ஆஸ்பத்திரியிலிருந்து நாளை வருகிறான். நுரையீரலில் சீழ் கட்டி, நெஞ்சில் ஓட்டை போட்டு எடுத்திருந்தார்கள். புக்கிட் செந்தோசா குடியிருப்பின் இந்தச் சின்ன வீட்டில் அவனுக்கென்று இருப்பது இந்தச் செடிகள்தான். வந்து உட்கார்ந்து வெறும் சுவரையா பார்ப்பான்?

"தொடச்சு வச்சிர்றோம் அண்ணி."

"நான் வந்து தொட்டுப் பாப்பேன்."

"பாருங்க" என்று போனை வைத்தாள். என்ன ஆனாலும் ஒரு செடியும் வேனில் ஏறக்கூடாது.

ஆனால் ஹாலில் நிலைமை வேறு. சேது படுத்ததிலிருந்து ஒருவரும் செடிகளைத் தொடவில்லை. வாசல் ரோட்டில் லோரிகள் கிளப்பும் புழுதி முழுக்க இலைகளில்தான் குடியிருந்தது. அவளோ நைட் ஷிப்ட் முடித்து வந்தவள். படுக்கையறையைக் கழுவ வேண்டும், கஞ்சிக்கு அரிசி வாங்க வேண்டும். பிள்ளைகள் கைகொடுத்தால்தான் உண்டு. வாளியில் தண்ணீரும் பழைய பனியனும் கொண்டுவந்து வைத்தாள்.

"புவனேசா, துளசி, செடியெல்லாம் குளிப்பாட்டுங்க."

துளசிக்கு எட்டு வயது. உடனே ஓடி வந்தாள். பெரியவன் புவனேசன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது அப்பா வேல."

"அப்பாக்கு முடியலடா."

"நாம தொடச்சிட்டா வந்து அவரு என்ன செய்வாரு? சும்மா ஒக்காந்திருப்பாரா?"

திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பையன் சோம்பேறித்தனத்தில் பேசவில்லை, அப்பா இனி பழையபடி ஆகமாட்டாரோ என்ற பயத்தில் பேசினான். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் பயந்துகொண்டு உட்கார்ந்தால் வேன் வந்துவிடும். பனியனை அவன் மடியில் போட்டுவிட்டு அறையைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது மணி பிளாண்ட் பளபளவென்று மின்னியது. கிட்டே போனால் நல்லெண்ணெய் வாசம். தரையில் பாட்டில் காலியாகக் கிடந்தது. எண்ணெயில் தூசி குழைந்து இலையெல்லாம் கருஞ்சேறு.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

துளசியின் உதடு பிதுங்கியது. "ஒடம்பு நல்லானா எண்ணெய் வச்சுத் தலைக்கு ஊத்துவீங்கல்ல. அப்பாக்கு நெஞ்சுல கட்டு, தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் அவரு செடிக்கு."

கங்கா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், பாவாடையெல்லாம் எண்ணெய்.

புவனேசன் எழுந்தான். குளியலறைக்குப் போய்ச் சீயக்காய்த் தூளை எடுத்து வந்து வாளியில் கரைத்தான்.

"எண்ணெய் வச்சா சீயக்கா போடணும்ல" என்றான் தங்கையிடம். "இலைக்கு அடியில உள்ளங்கையக் குடு. இல்லன்னா ஒடஞ்சிரும். அப்பா அப்படித்தான் செய்வாரு."

மூவருமாக உட்கார்ந்தார்கள். தண்ணீரை மாற்றி மாற்றி, விரல் நுனி சுருங்கும்வரை விடவில்லை.

விஜயராணி கறுப்புக் குப்பைப் பைகளோடு வந்தாள். சொன்னபடியே இலைமேல் விரலை இழுத்துப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. முகர்ந்தாள்.

"சீயக்கா வாடை. யாருக்குத் தலைக்கு ஊத்துனீங்க?"

"அப்பாக்கு" என்றாள் துளசி.

விஜயராணி வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் தனியாக ஒரு தொட்டி புழுதியோடு இருந்ததைக் காட்டி, "இது ஏன் இப்படி?" என்றாள்.

"அத வெளியவே வச்சிருக்கேன் அத்தை. அப்பா நல்லாகி வந்து தொடைக்கட்டும்" என்றான் புவனேசன்.

விஜயராணி அந்தத் தொட்டியைத் தொடவில்லை. கொண்டுவந்த குப்பைப் பை ஒன்றைப் பல்லால் கிழித்து அகலமாக விரித்து, நீர் சொட்டிக்கொண்டிருந்த செடிகளுக்கு அடியில் ஹால் தரையில் போட்டாள்.