அறுபத்து நாலாம் வருஷத்து ஒயின்

இப்போதெல்லாம் ஒயின் வாங்குகிறவன் எவனும் அதைக் குடிப்பதில்லை. ஏலத்தில் எடுப்பான், பூட்டி வைப்பான், விலை ஏறினால் விற்பான். முகத்தைக் காட்டாமல் போனிலேயே விலை கேட்கிறவனும் உண்டு. மோந்துகூடப் பார்க்காமல் வாங்கும் இந்தக் கூட்டத்தைக் கண்டாலே திராட்சைத் தோட்டக்காரர் லியாந்தருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் அன்று பர்கண்டியின் அந்தச் சின்ன ஊர் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊரில் பத்திரம் எழுதிவந்து செத்துப்போன நோட்டரி ஒருவரின் நிலவறைச் சரக்கு ஏலம். லியாந்தரின் கண் ஒரே ஒரு புட்டியின் மேல். அறுபத்து நாலில் அவருடைய அப்பா பிழிந்தது. வேறெங்கும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை. லியாந்தரின் கல்யாணப் பந்தியில் அந்த ஒயினைக் குடித்துவிட்டு, "உங்கப்பன் ஊத்துனது ஒயினில்ல, புளிச்ச காடி" என்றான் மச்சான் ஒக்தாவ். இன்றுவரை அதையே சொல்கிறான். அவன் வாயை அடைத்தாக வேண்டும்.

அந்த ஊரில் மெழுகுத்திரி ஏலம். ஒரு விலை விழுந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திரி ஏற்றுவார்கள்; இரண்டும் அணையும்வரை யாரும் ஏற்றிக் கேட்காவிட்டால், கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். போனில் எவனோ விலையை ஏற்றினான். லியாந்தர் தூக்கிய கையை இறக்கவேயில்லை.

"கைய இறக்குங்க பெரியவரே, பாத்துட்டேன்," என்றாள் ஏலம் விடுகிறவள்.

"திரி அணையட்டும், எறக்குறேன்."

"டிராக்டர வித்துத்தானா மச்சான் காடி வாங்கப் போற?" பின்வரிசையிலிருந்து ஒக்தாவ்.

இரண்டாவது திரியும் புகைந்து அணைந்தது; புட்டி லியாந்தருக்கு. கைக்கு வந்ததுமே அங்கேயே தக்கையில் திருகியை ஏற்றினார். ஏலக்காரி பதறினாள்.

"ஐயய்யோ, இங்கேயேவா?"

"குடிக்கத்தானே வாங்குனேன்!"

தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றை மச்சானிடம் நீட்டினார். ஒக்தாவ் ஒரு வாய் குடித்தான். சிரிப்பான் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"காடிதான் மச்சான். விட்டுடு," என்றான் மெதுவாக.

லியாந்தரும் குடித்தார். தொண்டைவரை சுரீரென்றது. முகத்தைச் சுளிக்காமல் கிளாசைக் காலி செய்தார்.

"நோட்டரிப் பய புட்டிய நிக்கவச்சே வச்சிருக்கான். ஒயின் படாம தக்க காஞ்சு காத்து பூந்துருச்சு. மண்டி எங்க கெடக்கு பாரு. படுக்கவச்சிருந்தா பக்கத்துல ஒட்டியிருக்கும், இது அடியில உக்காந்திருக்கு."

"ஏலத்துக்கு நிக்கவச்சாங்கல்ல, அதுல இறங்கியிருக்கும்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

தொப்பியை எடுத்து மாட்டினார். மிச்ச ஒயினோடு புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு எங்கயாவது இருக்கும். படுக்கவச்ச புட்டி. அதக் குடிச்சுட்டுப் பேசு."

திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தார்.